தொலைக்காட்சியில் கூப்பிட்ட அக்னஸ்

மட்டக்களப்பு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மவுறீன் வேலை பார்த்த காலத்தில், ஊரில் அவளுடைய முகத்தைத் தெரிந்தவர்களைவிடக் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். கொழும்புக்கோ கண்டிக்கோ ட்ரங்க் கோல் எடுப்பதென்றால் அவளிடம்தான் இலக்கத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சந்தையில் மீன் விலை கேட்டுக்கொண்டிருப்பாள், பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்து, "மிஸ், நீங்க எக்ஸ்சேஞ்சா?" என்பார். அவளுக்கும் மற்றவர்கள் அப்படித்தான். ஏறாவூர் அரிசி ஆலைக்காரர், அரசாங்கக் கச்சேரிப் பெரியவர், ஆஸ்பத்திரி மேற்றன் எல்லாரும் அவளுக்கு வெறும் குரல்கள். 'ஹலோ' என்று வாய் திறந்ததுமே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். தடிமன் பிடித்த தொண்டையைக்கூட அவள் மாறிச் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவளுக்குத் தன் அம்மாவின் குரல் மறந்து போயிற்று.

அம்மா அக்னஸ் இறந்து நெடுங்காலம். முகம் நினைவில் வரும். வெங்காயம் உரிக்கும்போது தலையைச் சாய்த்து ஒரு கண்ணை மூடிக்கொள்ளும் விதம் வரும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு உடுத்துகிற நீலப் பூப் போட்ட கவுன் வரும். சொன்ன வார்த்தைகளும் வரும். ஆனால் மனதுக்குள் அந்த வார்த்தைகளைச் சொல்வது இப்போது மவுறீனின் குரலாகத்தான் இருந்தது. கடலோர டச்பாரில் அவர்கள் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டு போனபோது படங்கள் வைத்திருந்த பெட்டியும் போய்விட்டது. அந்தப் படங்களைப் பற்றி அவள் பல பேரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். குரல் போனதைக் கணவர் ஹேர்பர்ட்டிடம்கூடச் சொன்னதில்லை. எத்தனையோ பேரின் குரலைத் தலைக்குள் வைத்திருந்தவள், பெற்றவளின் குரலைத் தொலைத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது.

டச்பாரை விட்ட பிறகு அவர்கள் சின்ன உப்போடையில் குடியேறினார்கள். ஹேர்பர்ட் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. மவுறீனின் அக்கா மகன் கீத் இவர்கள் கையில்தான் வளர்ந்தான். இப்போது மெல்பேர்னில் இருக்கிறான். அவன் மட்டுமா, மவுறீனோடு படித்த, அவளைப் போலவே போர்த்துக்கேய வழி வந்த பறங்கிப் பெட்டைகளில் பாதிப் பேர் அங்கேதான். ஒரு காலத்தில் கப்பலிலும் பிறகு விமானத்திலுமாகக் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மவுறீனும் போயிருக்கலாம். எக்ஸ்சேஞ்ச் வேலையை விட மனமில்லை. அம்மாவும் வாவியைக் காணாமல் தன்னால் இருக்க முடியாது என்று சொல்லிவிட்டாள். அப்படியே காலம் போய்விட்டது.

போன வருடம் ஊருக்கு ஒரு படப்பிடிப்புக் கூட்டம் வந்தது. அவுஸ்திரேலியத் தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் பொலிஸ்காரனாக நடித்துப் பெயர் வாங்கியவன் டேமியன் ரோசைரோ. பிரபலங்கள் தங்கள் முன்னோரைத் தேடிப் போகிற நிகழ்ச்சி ஒன்றுக்காக அவன் வந்திருந்தான். அவனுடைய தாத்தா லம்பேட் ரோசைரோ இந்த ஊர்க்காரர். டிப்போவில் ஹேர்பர்ட்டுக்கு வேலை பழக்கியவரே அவர்தான். நன்றாக வயலின் வாசிப்பார். எழுபதுகளில் குடும்பத்தோடு கப்பலேறியவர், திரும்பி வரவேயில்லை.

படப்பிடிப்பு நடந்த அன்று மவுறீன் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் கிடந்தாள். ஹேர்பர்ட்தான் கலியாணக் கோட்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வாவிக்கரையில் உட்கார்ந்து பேட்டி கொடுத்தார். லம்பேட் பஸ் இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுது கண்டுபிடித்தது, சம்பளத்தன்று எல்லாருக்கும் தேநீர் வாங்கிக் கொடுத்தது, மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றது என்று ஒரு பகல் முழுக்கச் சொன்னாராம். மவுறீன் வீட்டுக்கு வந்த பிறகு, கண்ணில் கட்டோடு கிடந்தவளுக்கு அத்தனையையும் மறுபடி சொன்னார்.

நிகழ்ச்சி இந்த வருடம் ஒளிபரப்பானது. யூடியூபில் ஏற்றியதும் கீத் அனுப்பி வைத்தான். ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்த பிறகு எல்லாரும் அவர்கள் வீட்டு மண்டபத்தில் கூடினார்கள். எல்லாரும் என்றால், ஹேர்பர்ட்டின் தங்கை பிறிசில்லா. மவுறீனோடு எக்ஸ்சேஞ்சில் லைன்மனாக இருந்த காத்தான்குடி அப்துல் மஜீத். அவருடைய மனைவி நஸீபா. பிறிசில்லா ஒரு தட்டு நிறைய லவ் கேக் கொண்டு வந்திருந்தார். ஹேர்பர்ட் மறுபடியும் சவரம் செய்துகொண்டு வந்து முன் கதிரையில் உட்கார்ந்தார்.

திரையில் வாவி வந்தது. வானத்திலிருந்து எடுத்திருந்தார்கள். இத்தனை பச்சையா நம்முடைய வாவி என்று அவர்களே மலைத்துப் போனார்கள்.

"அந்தா கல்லடிப் பாலம்," என்றார் மஜீத்.

"அதுக்கங்கால தெரியிறது எங்கட கோயில்தானே," என்றார் பிறிசில்லா.

பாலத்தில் டேமியன் தனியாக நடந்து போனான். பிறகு ஹேர்பர்ட்டின் கோட்டு வந்தது. கோட்டுக்குள் ஹேர்பர்ட் இருந்தார். "ஆமாம், ஆமாம், மிக நல்ல மனிதர்" என்று ஆங்கிலத்தில் சொல்லி வாவிப் பக்கம் விரலை நீட்டினார். உடனே காட்சி மாறிவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் ஹேர்பர்ட்.

"கோட்டு நல்லா விழுந்திருக்கு," என்றார் பிறிசில்லா. மஜீத் சிரிப்பை அடக்கத் தேநீர்க் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டார்.

நஸீபாவுக்கு வேறு குறை. டேமியன் ஒவ்வொரு பெயரைக் கண்டுபிடிக்கும்போதும் வாயைப் பொத்திக்கொண்டு வியந்தது அவருக்கு விளங்கவில்லை. "இந்த மனிசனுக்கு மூத்தம்மாட பேரும் தெரியாதா? நம்மட பக்கம் நீ என்ன குடி எண்டு கேட்டா, தாய்வழி முழுக்கச் சின்னப் புள்ளையும் சொல்லும். இதுக்குப் பிளேன் ஏறிக் கமராவும் கொண்டு வரணுமா?"

"அங்க ஆரும் கேக்கிறதில்ல போல, நஸீபா. கேட்டாத்தானே தெரியும்," என்றாள் மவுறீன்.

நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி மெல்பேர்னில் நடந்தது. கையுறை போட்ட ஆய்வுக்காரப் பெண் ஒருத்தி டேமியனின் முன்னால் பழைய கசற் ஒன்றை வைத்தாள். அவனுடைய அத்தையின் கராஜில் கிடந்ததாம். லம்பேட்டின் தங்கை ஐவியின் கலியாண வீட்டில், கப்பலில் வேலை செய்த உறவுக்காரர் ஒருவர் கொண்டு வந்த ரெக்கோடரில் பதிந்தது. நாடாவை ஓட விட்டதும் முதலில் இரைச்சல், பிறகு வயலின். டேமியன் உதட்டைக் கடித்துக்கொண்டான். மவுறீனின் மண்டபத்தில் ஹேர்பர்ட்டின் கால் தானாகத் தாளம் போட்டது.

வயலின் ஓய்ந்த இடத்தில், தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது.

"வாங்க பிள்ளையள், எல்லாரும் வாங்க. சோறு ஆறுது."

டேமியன் தலையை நிமிர்த்தி, இது யார் என்று கேட்டான். இப்படிப்பட்ட கலியாணங்களில் பெண்ணின் தாய்தான் விருந்தினரைச் சாப்பிடக் கூப்பிடுவது வழக்கம், ஆகவே இது பெரும்பாலும் உங்கள் பூட்டி, தாத்தாவின் தாய் தெரேசாவாக இருக்க வேண்டும் என்றாள் அந்தப் பெண். டேமியன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பின்னால் இசை எழுந்தது. பிறிசில்லாவும் கைக்குட்டையை எடுத்தார்.

மவுறீன் அசையவில்லை. கையில் இருந்த கேக் துண்டு மடியில் உதிர்ந்ததும் தெரியவில்லை.

"அது அம்மா," என்றாள்.

"என்ன?" என்று திரும்பினார் ஹேர்பர்ட்.

"எங்கட அம்மா. அக்னஸ்."

ஹேர்பர்ட் பின்னுக்கு இழுத்து அந்த இடத்தை மறுபடி போட்டார். வாங்க பிள்ளையள். மஜீத் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அந்தக் கலியாணத்துக்கு அவரும் போயிருந்தார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனாக, வாசலில் நின்று தேநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தவர்.

"மிஸ் சொன்னாச் சரியாத்தான் இரிக்கும்," என்றார்.

"சரியாத்தான் இருக்கும் எண்டென்ன," என்றார் ஹேர்பர்ட். அவருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. "தெரேசா மாமி ஐவிட கலியாணத்துக்கு முதலே செத்துப் போயிட்டா. செத்தவ எப்பிடிச் சோறு தின்னக் கூப்பிடுவா?"

அது உண்மை. ஐவிக்குத் தாய் இல்லாத கலியாணம் அது. பக்கத்து வளவுக்காரியான அக்னஸ்தான் சமையல் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். கலியாணத்துக்கு முதல் நாளே அம்மா கவுனின் விளிம்பை இடுப்பில் செருகிக்கொண்டு ரோசைரோ வீட்டு அடுப்படிக்குள் போனதை மவுறீன் நினைத்துப் பார்த்தாள். கிடுகுப் பந்தல். கடல் மணலில் கால் புதைந்து ஒரு பக்கம் சரிந்து நின்ற நீள மேசைகள். பெரிய தாச்சிகளில் மஞ்சள் சோறு. லம்பேட் கழுத்துப் பட்டியைத் தளர்த்திவிட்டு வயலினைத் தாடைக்குக் கீழே வைத்தால், கிழவிகளும் எழுந்து கப்ரிஞ்ஞா ஆட வந்துவிடுவார்கள். ஆட்டத்தில் பாவாடைகள் கிளப்பிய மணல் சோற்றில் விழுகிறது என்று அம்மா சத்தம் போட்டாள். அன்று பந்தலில் ஆடியவர்களில் இன்று ஊரில் மிஞ்சியிருப்பது ஹேர்பர்ட்டும் பிறிசில்லாவும் அவளும்தான்.

அன்று பின்னேரம் எல்லாரும் போன பிறகு, மவுறீன் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். முதலில் கேட்டபோது அம்மா பக்கத்தில் நின்றாள். கேட்கக் கேட்க அம்மா தள்ளிப் போனாள். கடைசியில் அது ஒரு சத்தமாகத்தான் காதில் விழுந்தது. எந்தப் பெண்ணின் குரலாகவும் இருக்கலாம் போலிருந்தது. அவள் பயந்து போனை அணைத்துவிட்டாள். இருக்கிறதையும் கேட்டுக் கேட்டே தேய்த்துவிடுவேனோ என்று நினைத்து, அதன் பிறகு சில நாள் அதைத் தொடவில்லை.

ஹேர்பர்ட் விடவில்லை. காணொளிக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததையெல்லாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பேர்த்தில் ஒரு பெண், டேமியனின் பூட்டி கூப்பிட்டதைக் கேட்டதும் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டுத் தன் தாய்க்குப் போன் பண்ணியதாக எழுதியிருந்தாள். இன்னொருவர் தன் தகப்பனைப் புதைத்த பிறகு அன்றுதான் முதல் முறை அழுததாக எழுதியிருந்தார். தெரேசாவின் குரலில் அன்பு சொட்டுகிறது என்று ஒருத்தி. மொழி விளங்காவிட்டாலும் ஒரு தாய் கூப்பிடுவது விளங்கும் என்று ஒருவர். இப்படிப் பக்கம் பக்கமாகக் கிடந்தது.

"உன்ட அம்மாக்கு இவ்வளவு சனமும் அழுதிருக்கு. பேர் மட்டும் தெரேசா மாமிட," என்றார் ஹேர்பர்ட். "நான் எழுதப் போறன்."

"விடுங்க," என்றார் வெற்றிலைத் தட்டோடு வந்து உட்கார்ந்திருந்த பிறிசில்லா. "அந்தப் பொடியன் அழுதது பொய்யா? பாவம், அவனுக்கு எண்டு கிடைச்சது அது ஒண்டுதான். அதையும் பறிக்கப் போறியளா?"

மவுறீன் கொடியிலிருந்து துணி எடுக்கப் போனாள். பிறிசில்லா சொல்வது நியாயம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் மனம் எரிந்தது. எக்ஸ்சேஞ்சில் கூட வேலை செய்தவளுக்குப் பதவி உயர்வு கிடைத்தபோதோ, கூடப் படித்தவர்கள் பெரிய பெரிய வீடுகளின் படங்களை அனுப்பியபோதோ அவளுக்குப் பொறாமை வந்ததில்லை. எழுபது வயதுக்கு மேல், அம்மாவைப் பங்கு போட வேண்டி வந்தபோது வந்தது. அதை நினைக்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு கீத் கூப்பிட்டபோது விசயத்தை அவனிடம் சொன்னாள். அது அம்மாதான் என்று மட்டும் சொன்னாள். வேறு எதையும் கேட்கவில்லை. கீத், "அன்ரி, டேமியன்ட அத்தை எங்கட கோயிலுக்குத்தான் வாறவ. நான் கதைச்சுப் பாக்கிறன்," என்றான்.

டேமியன் ஒரு காலை வேளையில் வீடியோவில் வந்தான். தொலைக்காட்சியில் பார்த்ததைவிட ஆள் மெலிவாக, தலை கலைந்து, ஏதோ ஒரு குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நெற்றியும் மூக்கும் அச்சு அசல் லம்பேட். ஹேர்பர்ட் அதைச் சொல்லப் போனவர் இருமிவிட்டு எழுந்து போய்விட்டார்.

டேமியன் ஆங்கிலத்தில் பேசினான். கீத்தின் தகவல் அரைகுறையாகத்தான் அவனிடம் போயிருந்தது. கலியாணத்தில் இருந்த ஒருவர் பேச விரும்புகிறார் என்று மட்டும் அத்தை சொல்லியிருந்தாராம். அதனால் அவனே முந்திக்கொண்டான். "அன்ரி, நீங்கள் அந்தக் கலியாணத்தில் இருந்தீர்களா? அப்படியென்றால் என் பூட்டியைக் கண்டிருப்பீர்கள். அவர் எப்படிப்பட்டவர்? அந்த ஒரு வரியைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. தினமும் கேட்கிறேன்."

தினமும் கேட்கிறேன் என்றது மவுறீனைத் தடுத்தது. வேண்டாம், பிறிசில்லா சொன்னதுதான் சரி, விட்டுவிடுவோம் என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் அவன் கேட்டது தெரேசா மாமியைப் பற்றி. தெரேசா மாமி பக்கத்து வளவில் இருந்த உயிருள்ள மனுசி. அவவை இன்னொருத்தியின் குரலோடு சேர்த்து வைத்துவிட்டுப் போனால், அவவுக்கு என்று ஒன்றும் மிஞ்சாது.

"மகன்," என்றாள் தமிழில். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். "தெரேசா மாமியை எனக்கு நன்றாகத் தெரியும். மெலிந்தவர். சத்தமே வராது. எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் உங்கள் வீடு. அவர் காய்ச்சலில் இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஐவி அக்காவின் கலியாணம் அதற்குப் பிறகுதான் நடந்தது."

அவனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "அப்படியானால் அந்தக் குரல்?"

"எங்கள் அம்மா. அக்னஸ். தாயில்லாத பெண் என்று, உங்கள் பூட்டியின் இடத்தில் நின்று அன்றைக்கு அவர்தான் எல்லாம் செய்தார்."

டேமியன் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தான். மேசையில் இருந்த கோப்பையைத் தள்ளி வைத்தான். அவன் கோபப்படுவானோ என்று மவுறீன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் மெதுவாக, "மன்னியுங்கள் அன்ரி, நான் உங்கள் அம்மாவை எடுத்துக்கொண்டுவிட்டேன்," என்றான்.

"நீ எடுத்தபடியாத்தானே எனக்குக் கிடைச்சா," என்றாள். தமிழில் வந்துவிட்டதை அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு ஒருவரிடமும் சொல்லாததை நேரில் கண்டிராத அந்தப் பிள்ளையிடம் சொன்னாள்: அம்மாவின் குரல் மறந்து போயிருந்ததை. வாசலில் நின்ற ஹேர்பர்ட்டும் அதைக் கேட்டார். உள்ளே வந்து அவளுடைய தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

நிகழ்ச்சியில் போட்டது நாடாவில் ஒரு சின்னத் துண்டுதான், முழுவதையும் அனுப்புகிறேன் என்றான் டேமியன். சொன்னபடி செய்தான். காணொளிக்குக் கீழே தன் பெயரில் ஒரு குறிப்பும் போட்டான்: அந்தக் குரல் மட்டக்களப்பு அக்னஸ் அம்மாவுடையது, தாயில்லாத கலியாண வீட்டில் தாயாக நின்றவர் என்று. குறிப்பை வாசிக்காமலே ஆட்கள் அதற்குப் பிறகும் தெரேசாவை நினைத்து அழுது எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹேர்பர்ட் ஒவ்வொருவருக்காகப் பதில் போட்டுத் திருத்தத் தொடங்கினார். "காணும் ஹேர்பர்ட், சனம் ஆருக்காக எண்டாலும் அழட்டும்," என்று மவுறீன்தான் நிறுத்தினாள்.

நாடா வந்த அன்று இருவரும் தனியாக உட்கார்ந்து கேட்டார்கள். முதலில் லம்பேட் வயலினுக்குச் சுருதி சேர்த்தார். யாரோ இருமினார்கள், போத்தல் ஒன்று உருண்டது, கடல் இரைந்தது. பிறகு ஆட்டத்துக்கு இசை தொடங்கி, நெடுநேரம் ஓடி, கைதட்டலில் நின்றது. அந்த அமளிக்குள்ளே அம்மா வந்தாள்.

"ஆர் இந்த நாய உள்ள விட்ட? லம்பேட், உங்கட நாய் மேசைக்குக் கீழ கிடக்கு. இறைச்சிய வாயில கவ்விட்டுப் போனாத்தான் உங்களுக்குத் தெரியும்."

ஹேர்பர்ட் சத்தமாகச் சிரித்தார். மவுறீனும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுதான் அம்மா. 'ர'கரத்தை உருட்டி, கடைசிச் சொல்லை மேலே தூக்கி எறிகிற அம்மா. இனி எத்தனை தரம் கேட்டாலும் தேயாது என்று அவளுக்குத் தோன்றியது.

அம்மா ஓயவில்லை. "மவுறீன் எங்க? இந்தப் பெட்டைய ஒரு அலுவலுக்குத் தேடினாக் காணக் கிடைக்காது."

உடனே வெகு அருகில், காதை அடைக்கிற மாதிரி இன்னொரு குரல் கேட்டது. "இஞ்சதான் நிக்கிறன்மா. மறுகா வாறன்."

மவுறீன் நாடாவை நிறுத்தினாள். "இது ஆர் ஹேர்பர்ட்? ரெக்கோடருக்குக் கிட்டவே நிண்டிருக்கா. ஐவி அக்காட தோழிப் பெட்டையா?"

ஹேர்பர்ட் அவளையே பார்த்தார்.

"அது நீ."

"நானா?"

"நீதான். எக்ஸ்சேஞ்சில நீ சேர்ந்த முதல் வருசம் டிப்போவில இருந்து எத்தின கோல் எடுத்திருப்பன். கொழும்புக்கு ஒரு போல்ட் கேக்க நாலு தரம் எடுப்பன். இந்தக் குரலுக்குத்தான்."

அவள் மறுபடி போட்டுக் கேட்டாள். மணி மாதிரி, கொஞ்சம் திமிரோடு, மறுகா வாறன், பிறகு வருகிறேன் என்கிறது. ஊரில் எல்லாருடைய குரலையும் தெரிந்தவளுக்குத் தன்னுடையதைத் தெரியவில்லை. பந்தல் காலில் கட்டியிருந்த ரெக்கோடரின் சின்னச் சிவப்பு விளக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றதும், அம்மா கூப்பிட்டும் போகாமல் இழுத்ததும் அப்போது நினைவில் வந்தன. எதற்காக அம்மா தேடினாள் என்பது மட்டும் வரவில்லை. உப்பு எடுத்து வரவா, வாழையிலை துடைக்கவா, தெரியவில்லை. நாடாவிலும் அது இல்லை.

சில வாரம் கழித்து டேமியன் மறுபடி கூப்பிட்டான். மவுறீன் முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாள். நாடாவைப் பற்றிப் பேசினார்கள். நாய் யாருடையது என்று கேட்டான். தன் தாத்தாவுடையது என்று தெரிந்ததும் சந்தோசப்பட்டான். பிறகு தயங்கினான். தெரேசாவின் குரல் எங்காவது இருக்குமா என்று கேட்டான். அந்த நாளில் யார் பதிந்து வைத்திருப்பார்கள் என்று அவனே சொல்லிக்கொண்டான்.

"பதிந்ததில்லை," என்றாள் மவுறீன். "பொறுங்கள்."

அவள் கண்ணை மூடினாள். வேலி. வேலிக்கு மேலே முருங்கை. அந்தப் பக்கத்திலிருந்து காலை வேளைகளில் வருகிற குரல். மீன் விலையைக்கூட இரகசியம் போலச் சொல்கிற, மூச்சும் சொல்லும் பாதிக்குப் பாதியாகக் கலந்த குரல். அம்மாவுடையது மறந்து போன அத்தனை வருடங்களிலும் அது அவளிடம் எங்கோ கிடந்திருக்கிறது.

"அக்னஸ்... கொஞ்சம் இஞ்ச வா பிள்ள," என்றாள் மவுறீன், தெரேசா மாமியாக. கொஞ்சம் நிறுத்தினாள். தெரேசா மாமி அப்படித்தான் நிறுத்துவார். அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஈரக் கையோடு வேலிக்கு ஓடி வரும் வரை. "ஒண்டுமில்ல பிள்ள. சும்மாதான் கூப்பிட்டன்."

உள்ளே மண்டபத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த ஹேர்பர்ட் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டார். முற்றத்தில் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

டேமியன் திரைக்குக் கிட்ட வந்தான். என்ன சொன்னார் என்று கேட்டான். மவுறீன் ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு காரணமும் இல்லாமலா தினமும் கூப்பிடுவார் என்று கேட்டான். ஓம், தினமும்தான், அம்மா வந்து ஏசிவிட்டுப் போவாள், அடுத்த நாளும் கூப்பிடுவார் என்றாள் மவுறீன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னாள்.

பிறகு அவன் தானே சொல்லிப் பார்த்தான். "சும்மா தான் குப்பிட்டான்."

"கூ," என்றாள் மவுறீன். "இழுத்துச் சொல்லுங்கள். கூப்பிட்டன்."

"கூப்பிட்டான்."

"டன். டான் என்றால் யாரோ ஒரு ஆண். அவர் தன்னைத்தான் சொல்கிறார். கூப்பிட்டன்."

அவன் வாயைக் கோணிக்கொண்டு மறுபடி முயன்றான். ஹேர்பர்ட் ஒரு கதிரையை இழுத்து மவுறீனின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.